பத்தொன்பது வீட்டுப் பிள்ளை

உப்பைத் தவிர வேறெதையும் விளையவிடாத உவரடி ஊரில், வாயைத் திறந்தால் காற்றே நாக்கில் கரிக்கிற ஒரு பங்குனி முற்பகலில், மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்துவிட்டு நாலாவதை மட்டும் பத்து மாதமும் சிந்தாமல் சிதறாமல் சுமந்து வந்த பூங்கனிக்கு, கிராம நர்ஸ் லில்லிபுஷ்பம் தோளைப் பிடித்துக்கொள்ள, ஒரு பிள்ளை உருண்டையாகப் பிறந்தது.

உருண்டை என்றால் உருண்டைதான். கை இல்லை, கால் இல்லை, முகம் என்று சொல்ல ஒரு பக்கம் இல்லை. தோல் சீவிய நுங்குச் சுளையைப் போல வெளிச்சம் ஊடுருவும் உடம்பும், தொட்டால் இளஞ்சூடும், உள்ளே எங்கோ ஓர் ஓயாத அதிர்வுமாக அது லில்லிபுஷ்பத்தின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடந்தது. லில்லிபுஷ்பம் இருபது வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உசுரு இருக்குக்கா" என்றாள். பூங்கனி, "அழலியே" என்றாள். "அழ வாய் வேணும்லா" என்றாள் லில்லிபுஷ்பம். அதற்குப் பிறகு இரத்தம் நிற்காமல் பூங்கனியை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அங்கே உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அப்படியாக, இனிமேல் பூங்கனிக்குப் பிள்ளை என்றால் இந்த உருண்டை ஒன்றுதான் என்று ஆயிற்று.

அவளுடைய புருஷன் தவசிமுத்து உப்பு வாருகிறவன், அதிகம் பேசாதவன். தாயோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த அந்தப் பிள்ளையை அவன் ஓலைப்பெட்டியில் ஈரத்துணி போட்டு வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு வந்து ஊரில் இறங்கியபோது, உவரடியில் யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. பெண்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். எத்தனை கிலோ என்று கேட்டார்கள். தவசிமுத்து ஜாடை என்றாள் ஒருத்தி. எதை வைத்துச் சொல்கிறாய் என்றதற்கு, அந்த அமைதியை வைத்துத்தான் என்றாள். அதன்பிறகு வந்த கேள்வியெல்லாம் நடைமுறைக் கேள்விதான். இடுப்பில்லாத பிள்ளைக்கு அரைஞாண் எங்கே கட்டுவது? கன்னமில்லாத பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு எந்தப் பக்கம் வைப்பது? பதினாறாம் நாள் பேர் வைக்கும்போது ஆண் பேரா, பெண் பேரா? ஊர்கூடி யோசித்து, அரைஞாணை ஓலைப்பெட்டிக்குக் கட்டினார்கள். பொட்டைப் பூங்கனியின் கன்னத்தில் வைத்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் பொருந்தட்டும் என்று முத்துக்கனி எனப் பேர் வைத்தார்கள்.

பிள்ளைக்குப் பசி தோல் வழியாக இருந்தது. கஞ்சித் தண்ணீரிலோ பாலிலோ பதநீரிலோ கிடத்தினால் பாத்திரத்தில் மட்டம் மெல்ல மெல்ல இறங்கும். கழிவும் அந்தத் தோல் வழியாகவே வெளியேறித் தண்ணீர் கலங்கும். உடனே வேறு தண்ணீர் மாற்ற வேண்டும். ஆனால் உப்பு மட்டும் ஆகாது. முதல் வாரத்தில் தவசிமுத்து உப்பளத்திலிருந்து வந்த வேகத்தில் கை கழுவாமல் ஆசையோடு தொட்டுவிட்டான். தொட்ட ஐந்து விரலும் ஐந்து குழியாகப் பிள்ளையின் மேல் பதிந்து, தோல் காய்ந்த நெல்லிக்காய் போலச் சுருங்கிவிட்டது. அன்றைக்கு அவன் கொல்லையில் போய்த் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பக்கத்து வீடுகள் கேட்டன. மறுநாளிலிருந்து, வாரத்துக்கு மூன்றுமுறை லாரி வந்தால்தான் குடிதண்ணீர் என்றிருந்த அந்த ஊரில், வீட்டுக்கு ஒரு குடம் முத்துக்கனிக்கு என்று ஒதுங்கிற்று. யாரும் யாரையும் கேட்கவில்லை. லாரி வரும், குடங்கள் நிறையும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குடம் நேரே பூங்கனி வாசலுக்குப் போகும்.

"எல்லாப் பிள்ளையும் வயித்துக்குள்ள மொதல்ல இப்பிடித்தான்க்கா இருக்கும்" என்றாள் லில்லிபுஷ்பம், முதல்முறை எடை பார்க்க வந்த நாளில். "எல்லா எடமும் ஒண்ணு போல. பெறவுதான் நீ கண்ணு, நான் எலும்பு, அவன் நாக்குன்னு ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கிடும். எடுத்த வேலையைக் கடைசிவரைக்கும் விடாது. கண்ணானது திரும்பப் போயி காலாவாது. உங்க பிள்ளை இன்னும் ஒரு வேலையும் எடுக்கல, அம்புட்டுதான்."

"எப்பம் எடுக்கும் லில்லி?"

"பக்கத்துல இருக்கது சொல்லணும். நீ இன்னது ஆவுன்னு பக்கத்துல இருக்கதுதான் சொல்லும்."

பூங்கனி அதைத் தன் வழியில் புரிந்துகொண்டாள். பக்கத்தில் இருக்கிறவள் தாய்தானே? மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம், கதவைச் சாத்திவிட்டு, பிள்ளையை வெறும் வயிற்றின் மேல் கிடத்திக்கொண்டு, பிள்ளையா ஆயிரு, பிள்ளையா ஆயிரு என்று காதில்லாத அதனிடம் சொல்லிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டாள். விழித்துத் தூக்கினபோது ஓர் ஓரம் விடவில்லை. மெல்லப் பிரித்ததில் ஒரு ரூபாய் வட்டம் அவள் வயிற்றோடேயே நின்றுவிட்டது. ஒன்பதாம் நாள் பார்த்தால் அது அவள் தோலாகிவிட்டிருந்தது. பிரசவக் கோடுகளுக்கு நடுவே கோடில்லாத ஒரு வட்டம். லில்லிபுஷ்பம் அதை விரலால் தடவிப் பார்த்து, பூங்கனியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்களோட ஒட்டுனா அது நீங்களா ஆயிரும்க்கா. பிள்ளையா ஆவாது." அன்றிலிருந்து பூங்கனி முத்துக்கனியை ஈரவேட்டி சுற்றாமல் தூக்கியதில்லை. பெற்ற பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக அணைத்தால் பிள்ளை கரைந்துவிடும் என்ற ஒரு துன்பம் உலகத்தில் வேறு எந்தத் தாய்க்கும் வாய்த்திருக்காது.

சித்திரையில் முத்துக்கனி தேங்காய் அளவு ஆனது. வைகாசியில் பரங்கிக்காய் அளவு. ஆனியில் ஆட்டுரல் அளவு. லில்லிபுஷ்பத்தின் அட்டையில் எடைக்கோடு ஏறி ஏறி அட்டையை விட்டே வெளியே போனதால், அவள் பின்னால் ஒரு தாளை ஒட்டி அதில் தொடர்ந்தாள். ஊருக்கு அது பெருமையாக இருந்தது. உப்பு ஏற்ற வருகிற லாரிக்காரர்களுக்குப் பிள்ளையைக் காட்டினார்கள். எங்க ஊர்த் தண்ணியைக் குடிச்சு வளர்ந்த பிள்ளை என்றார்கள், ஊரில் தண்ணீரே கிடையாது என்பதை மறந்து. பூங்கனியும் மகிழ்ந்துதான் இருந்தாள். வளர்கிறது என்றால் நன்றாக இருக்கிறது என்றுதானே எந்தத் தாயும் நினைப்பாள்.

ஆடி பிறந்த மூன்றாம் நாள் காலை, வெயிலில் அதைக் கழுவிக்கொண்டிருந்தவள், உள்ளே நட்டநடுவில் ஒரு மங்கலைப் பார்த்தாள். புகை படிந்த சிம்னியின் உட்புறம் போல ஒரு சாம்பல் நிறம், புளியங்கொட்டை அளவுக்கு. துடைத்தால் போகவில்லை, அது மேலே இல்லை, உள்ளே இருந்தது. ஒரு வாரத்தில் அது எலுமிச்சை அளவாயிற்று. ஓயாமல் இருந்த அதிர்வு விட்டுவிட்டு வர ஆரம்பித்தது.

லில்லிபுஷ்பம் வந்து பார்த்துவிட்டு ஓலைத்தட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். "தோலு வழியாத்தானே சாப்பிடுது. உருண்டை அகலம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா தோலு நாலு மடங்குதான் ஆவும். உள்ள இருக்கது எட்டு மடங்கு ஆயிரும். நாலு வாயி எட்டு வயித்துக்கு எப்பிடி ஊட்டும்? நடுவுல இருக்கதுக்குக் கஞ்சி போயிச் சேரல. நடுவுல இருக்க அழுக்கும் வெளிய வரல."

பூங்கனிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் தவசிமுத்துக்குப் பிடிபட்டது. அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "உப்பு அம்பாரம் போல. சின்னதாக் குவிச்சா நாலு வெயில்ல காஞ்சிரும். மலை போலக் குவிச்சா, மூணு மாசம் கழிச்சு ஓலையைப் பிரிச்சாலும் நடுவுல ஈரம் அப்பிடியே நிக்கும். உள்ள பெருக்குத வேகத்துக்கு மேல்தோலு பெருக்காது பூங்கனி."

"அப்பம் என்ன செய்ய?"

அவனுக்கு வழி தெரியும், அம்பாரத்தைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது; அதை அவன் வாயால் சொல்ல முடியவில்லை.

பூங்கனி முதலில் பட்டினி போட்டுப் பார்த்தாள். பெருக்காமல் இருந்தால் போதும் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் கஞ்சி கொடுத்தாள். பிள்ளையின் தோல் வெடித்து, பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு, அம்பாரத்தைப் பரப்பிக் காயவைக்கிறதில்லையா, அதுபோலப் பிள்ளையைப் பரப்பினால் என்ன என்று தோன்றிற்று. நைலான் கட்டிலில் நனைத்த வேட்டிகளை விரித்து, ஊர்ப்பெண்கள் எட்டுப்பேர் கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு, சப்பாத்தி மாவைத் தட்டுவது போல முத்துக்கனியை மெல்ல மெல்லத் தட்டி, ஓரங்களை இழுத்து, அப்பளம் போல ஆக்கினார்கள். அப்பளமாகக் கிடந்தவரைக்கும் நடுச்சாம்பல் வெளுத்தது, அதிர்வு திரும்பிற்று. கையை எடுத்ததும் ஓரங்கள் உள்ளே சுருண்டு பழையபடி உருண்டையாயிற்று. எனவே கையை எடுக்காமல் இருப்பது என்று முடிவாயிற்று. முறை வைத்துக்கொண்டார்கள். காலை முறை, மத்தியான முறை, அந்தி முறை, இரா முறை. அளத்தில் உப்பு வாரும் பலகை பிடித்துக் கொப்புளித்த கையோடு வந்து, மூன்று தண்ணீரில் கழுவி, ஈரத்துணி சுற்றி, பிள்ளையை அமுக்கிக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு, சிலவேளை பாடிக்கொண்டு, சிலவேளை ஒன்றும் பேசாமல், நாள்கணக்காக அந்த ஊர் ஒரு பிள்ளையைத் தட்டையாகப் பிடித்துவைத்திருந்தது. உலகத்தில் அதைவிடப் பெரிய பாசத்தைப் பூங்கனி பார்த்ததில்லை. அது போதவில்லை என்பதையும் அவளே முதலில் கண்டுகொண்டாள். பிள்ளையின் கனம் கூடக்கூட அது எட்டுப்பேர் கையையும் மீறிச் சுருண்டது.

இருபத்திரண்டாம் நாள் முறைக்கு இசக்கியப்பன் வந்திருந்தார். முப்பது வருஷம் வெள்ளை உப்பையும் வெள்ளை வெயிலையும் பார்த்துப் பார்த்து இரண்டு கண்ணும் அவிந்துபோனவர். பார்வை இல்லாட்டி என்ன, அமுக்கக் கை இருக்குல்லா என்று அவராகக் கேட்டு வந்தார். பிள்ளை சுருள்கிற வேகத்தில் அவர் கையிலிருந்த துணி நழுவி, விரல்களுக்கு நடுவே ஒரு துண்டு பிதுங்கி, எலுமிச்சை அளவில் தனியாக அவர் கையோடு வந்துவிட்டது. கையில் என்னவோ துடிக்கிறதே என்று பதறி, அது என்னவென்று அறிய, பார்வையில்லாதவர்கள் செய்வதுபோல முகத்தருகே கொண்டுபோனார். அது வலது கண்ணில் ஒட்டிக்கொண்டது.

ஒன்பதாம் நாள் இசக்கியப்பன் தன் பேத்தியின் பாவாடை என்ன நிறம் என்று சொன்னார்.

ஊர் ஓடிப்போய்ப் பார்த்தது. பூங்கனியும் ஓடினாள், ஆனால் வேறு காரணத்துக்காக. அவரைக் கையோடு இழுத்துவந்து, கட்டிலருகே மண்டியிடவைத்து, "மாமா, கண்ணைப் பிள்ளைகிட்டக் கொண்டு போங்க. திரும்பிப் போயிச் சேந்துக்கிடும். கொஞ்சம் கிட்ட. இன்னும் கிட்ட" என்று கெஞ்சினாள். அவர் முகத்தை முத்துக்கனியின்மேல் பதித்தார். கண் இமைத்தது. பார்த்தது. வேறொன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதிலிருந்து கண்ணீர் வழிந்தது, மற்ற எல்லார் கண்ணீரையும் போல உப்பாக. உப்புப் பட்ட இடத்தில் முத்துக்கனியின் தோல் சுருங்கிற்று. உப்பு ஆகாத பிள்ளையிலிருந்து போன ஒன்று உப்பையே சுரக்கிறது என்றால், அது இனி இவளுடைய பிள்ளை இல்லை.

"அது கண்ணாயிட்டு தாயி" என்றார் இசக்கியப்பன். "என்னை மன்னிச்சிரு."

அதற்குப்பிறகு ஊர் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. குடங்கள் வந்தன, முறைக்கு ஆள் வந்தது. ஆனால் வருகிறவர்களின் பார்வை வேறாக இருந்தது. கொதிசோறு கவிழ்ந்து முதுகு வெந்த மகளைக் கூட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். முதுகைப் பார் என்று சொல்லாமல், சட்டையை மட்டும் பின்னால் திறந்துவிட்டு உட்கார வைத்தாள். சிறுநீரகம் கெட்டு முகம் வீங்கியவன் ஒருவன் வாசலில் சும்மா நின்றான். உப்பு அரைக்கிற மில்லில் பெல்ட்டில் சிக்கி வலதுகை முழங்கைக்குக் கீழே போய்விட்ட பட்டுராசன் வரவேயில்லை. அவன் பெண்டாட்டி மாரிக்கிளிதான் வந்து, குடத்தை இறக்கி வைத்துவிட்டு, போகாமல், சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். ஒருவரும் வாய்திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூங்கனியால் ஏசியிருக்க முடியும். கேட்காமல் நிற்கிறவர்களை என்ன செய்வது? அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். குடங்களை மட்டும் ஜன்னல் வழியாக வாங்கினாள்.

டவுன் ஆஸ்பத்திரிக்கும் ஒருமுறை லோடு ஆட்டோவில் கொண்டுபோனாள். அங்கே ஒரு டாக்டர் நல்லபடியாகத்தான் பேசினார். சின்னச் சின்னதாக வெட்டி, பாட்டிலில் போட்டு, பனிக்கட்டியை விடக் குளிர்ந்த அறையில் வைத்தால் நூறு வருஷமானாலும் கெடாது என்றார். "அங்க அது உசுரோட இருக்குமா சார்?" என்று கேட்டாள். சாகாது என்றார். "வளருமா?" வளராது என்றார். அவள் ஈரவேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

"பிரிச்சாத்தான் பிழைக்கும் பூங்கனி" என்றான் தவசிமுத்து, ஆவணி மாதத்தில் ஒருநாள், கடைசியாக வாயைத் திறந்து.

"பிரிச்சா பிழைக்கது யாரு? சொல்லுங்க. முத்துக்கனியா? ஒரு கண்ணு, ஒரு கை, ஒரு முதுகு. அதுல எதைப் பாத்து நான் மக்கான்னு கூப்பிட?"

"கூப்பிட ஆளில்லாட்டியும் உசுரு இருக்கும்லா."

"உங்களுக்கு அது போதுமா?"

சுருங்கின ஐந்து குழிகளும் பிள்ளையின் தோலில் இன்னும் லேசாகத் தெரிந்தன. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூங்கனி மேலும் பதினோரு நாள் தாமதித்தாள். அந்தப் பதினோரு நாளை அவள் பிற்காலத்தில் ஒவ்வொரு நாளாக நினைத்து நினைத்துத் தன்னைக் குத்திக்கொண்டாள். முதல் நாள் நேர்ச்சை, இரண்டாம் நாள் மருந்து, மூன்றாம் நாள் ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் படுத்துக்கிடந்தது, நாலாம் நாள் தானும் கஞ்சி குடிக்காமல் கிடந்தது, இப்படியே. பன்னிரண்டாம் நாள் காலை பாத்திரத்தில் மட்டம் இறங்கவேயில்லை. பிள்ளையின்மேல் துணியைப் போட்டுக் காதை வைத்தாள். ஓரத்தில் மட்டும், தூரத்து மோட்டார் போல, அதிர்வு இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. லேசாக ஒரு வாடை வந்தது. பிள்ளையின் வாடை எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்; இது அது இல்லை.

எழுந்துபோய்க் கதவின் தாழை எடுத்தாள். உச்சிவெயில். வாசலில் நின்று, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும்படி, "வாங்க" என்றாள். "எது இல்லியோ அந்த எடத்தைக் கழுவிட்டு வாங்க."

வந்தார்கள். கழுவிக்கொண்டு வந்தார்கள், மூன்று தண்ணீரில். வரிசையை யாரும் ஒழுங்குபடுத்தவில்லை. சாகப்போகிறவர்கள் முன்னால் நின்றார்கள், குறையோடு வாழக்கூடியவர்கள் பின்னால் நின்றார்கள். தவசிமுத்துவால் முடியவில்லை. லில்லிபுஷ்பம் வந்து கத்தரியை எடுத்தாள். இரும்பு வேண்டாம் என்றாள் பூங்கனி. பூக்கட்டுகிற வாழைநாரை நனைத்து, பிள்ளையைச் சுற்றி வளைத்து, இரண்டு முனையையும் தானே இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் முத்துக்கனியின் மிச்சம் ஒருமுறை நடுங்கியது. ஒவ்வொரு துண்டும் பிரிந்த உடனே தானாக உருண்டு, தெளிந்து, வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, பிறந்த அன்றைக்கு லில்லிபுஷ்பத்தின் கையில் இருந்ததைப் போலவே துடித்தது. பூங்கனி அதை ஒருநொடி வெறுங்கையில் வைத்திருந்தாள், அது அவளாக ஆகிவிடுவதற்குள் அடுத்தவர் கையில் வைத்தாள், மக்கா, போ என்றாள். அடுத்த துண்டுக்கும் மக்கா, போ என்றாள். அழவில்லை. அழுதால் கண்ணீர் பட்டுவிடும்.

பட்டுராசன் கடைசியில் நின்றான். தலையை நிமிர்த்தாமல் வெட்டுப்பட்ட முழங்கையை நீட்டினான். அவனுக்குத்தான் பெரிய துண்டு போயிற்று.

இசக்கியப்பனின் கண்ணோடு சேர்த்து இருபத்து மூன்று துண்டுகள். உள்ளுறுப்புக்கென்று ஆழத்திலிருந்து எடுத்த, நடுவுக்கு ஒட்டியிருந்த நாலும் பிடிக்கவில்லை. இரண்டே நாளில் கறுத்து உதிர்ந்துவிட்டன. பதினோரு நாள் முன்னால் கதவைத் திறந்திருந்தால் அந்த நாலும் பிழைத்திருக்கும்; அந்த நாலுக்காகக் காத்து நின்றவர்களில் சிறுநீரகம் கெட்டவனும் ஒருவன். அவன் ஐப்பசியில் செத்தான். அவன் பெண்டாட்டி பூங்கனியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையின் நடுப்பாகம், தேங்காய் அளவில், கரியாக மிஞ்சியது. உவரடியில் உப்பில்லாத மண் கிடையாது என்பதால், ஊர் ஆண்கள் தேரிக்காட்டுக்குப் போய் ஆறு சாக்குச் செம்மண் கொண்டுவந்து கொட்டி, அதற்குள் அதைப் புதைத்தார்கள்.

மற்றப் பத்தொன்பதும் ஒன்பதாம் நாள் ஆகவேண்டியதாக ஆயின. வெந்த முதுகு தோலாயிற்று. கேளாத காது காதாயிற்று. முழங்கை கீழே நீண்டு, மணிக்கட்டாகி, ஐந்து விரலாகப் பிரிந்து, நகம் முளைத்தது.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. உங்க பிள்ளை எங்க வீட்டுல நல்லாயிருக்கு என்று தெருவில் பார்த்தால் சொன்னார்கள். விசேஷம் என்றால் பத்தொன்பது வீட்டிலும் அவளுக்கு முதல் இலை போட்டார்கள். ஆனால் பூங்கனிக்கு இலையில் உட்கார முடியவில்லை. அவள் போய்ப் பார்க்க ஆரம்பித்தாள். இசக்கியப்பன் கறுப்புக் கண்ணாடி போடாமல் அளத்துக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, பாத்திக்கே போய், "மறுபடியும் அவிக்கதுக்கா கொடுத்தேன்?" என்று கத்தினாள். முதுகு ஆறின பிள்ளையின் சட்டையைத் தூக்கி வியர்க்குரு இருக்கிறதா என்று பார்த்தாள். தன் பிள்ளையின் காதில் எந்நேரமும் சீரியல் பாட்டுப் போடுகிறாள் என்று ஒருத்தியோடு சண்டை போட்டாள். கொஞ்சநாள் பொறுத்தார்கள். பிறகு அவள் வருகிற நேரத்தில் கதவு சாத்தியிருந்தது. எங்க கண்ணு, எங்க காது என்று பேச்சு மாறிற்று. அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. தவசிமுத்து அவளிடம், "விட்டுரு பூங்கனி, அதுக வேலை எடுத்துட்டு" என்றான். விடத்தான் முயன்றாள். மழைக்காலம் வந்து அளம் மூடி, வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் விடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது.

கார்த்திகையில், அடைமழை பெய்கிற ஒரு பகலில், பட்டுராசன் மாரிக்கிளியை அடித்துவிட்டான் என்று சேதி வந்தது. எந்தக் கையால் என்று கேட்டாள் பூங்கனி. சேதி கொண்டுவந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குடையில்லாமல் போனாள். மாரிக்கிளி அடுப்படியில் உதடு வீங்கி உட்கார்ந்திருந்தாள். பட்டுராசன் சுவரில் சாய்ந்து, வலதுகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூங்கனி எதிரே உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்து இழுத்து, அந்தக் கையை வெளியே எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். மூன்று மாதத்தில் அது காய்த்துப்போயிருந்தது. பீடி வாடை அடித்தது. நகக்கண்ணில் அழுக்கு. அவள் குனிந்து, அந்தக் கையிடம் பேசினாள்.

"முத்துக்கனி. அம்மா வந்திருக்கேன். நீ அடிக்கப் பொறந்த பிள்ளையா? ஊரெல்லாம் குடம்குடமாத் தண்ணி ஊத்தி வளத்ததே, அது இதுக்கா? எட்டுப்பேரு பிடிச்சிக்கிட்டு இருந்தாகளே. அதுல மாரிக்கிளியும் இருந்தாளே. அவ கை உனக்கு ஞாபகமில்லையா மக்கா?"

"அக்கா" என்றாள் மாரிக்கிளி அடுப்படியிலிருந்து, அழுகையோடு. "அதுக்குக் கேக்காதுக்கா. அது கை."

"தெரியும்" என்றாள் பூங்கனி. தெரிந்தும், விரித்துக் கிடந்த அந்தப் பெரிய உள்ளங்கையின் நடுவில் தன் ஆள்காட்டி விரலை வைத்தாள். வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. ஓட்டிலிருந்து தண்ணீர் வாளிக்குள் சொட்டியது. மாரிக்கிளி அழுகையை நிறுத்தினாள். நேரம் போயிற்று. பிறகு சுண்டுவிரல் மெல்ல மடிந்தது, அடுத்த விரல் மடிந்தது, நடுவிரல், ஆள்காட்டி விரல், கடைசியாகப் பெருவிரலும் மடிந்து, பூங்கனியின் விரலை இறுகப் பற்றிக்கொண்டது.

பூங்கனி தலையைத் தூக்கிப் பார்த்தாள். பட்டுராசனின் முகம் முழுக்க நனைந்திருந்தது.

"நான்தான்க்கா பிடிச்சேன்" என்றான் அவன். "அதுவாப் பிடிக்கல. உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். நான்தான் பிடிச்சேன்."

"சரி" என்றாள் பூங்கனி. விரலை எடுக்கவில்லை.